மீனெண்ணெய்ப் புட்டி

யாராவது என்னிடம் கொஞ்சம் பாசமாகப் பேசினால், இவருக்கு என்ன தெரிந்துவிட்டது என்றுதான் முதலில் யோசிப்பேன். இந்தப் புத்தி எனக்குப் பிறவியில் வந்ததல்ல. எட்டு வயதில், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுப் புழக்கடையில் இருந்த ஒரு புட்டியால் வந்தது. ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, யார் எப்போது கண்டுபிடிப்பார்களோ என்று எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டே வளர்ந்தவளுக்கு வேறு எந்தப் புத்தி வரும்?

எங்கள் வீடு பெருமாள் வீடு. முட்டை ஓடுகூட எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அம்மா பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆண்டாள் கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கிற வீட்டில். அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, புருஷன் போன பிறகு எங்களோடு வந்துவிட்டவர். இப்படிப்பட்ட வீட்டுக்குள் எண்பதுகளின் நடுவில் ஒருநாள் மீன் நுழைந்தது. டாக்டர் எழுதிய சீட்டு வழியாக நுழைந்தது.

தம்பி பிறந்த மூன்றாம் மாதம் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்து, தாய்ப்பால் நின்றுபோனது. டின் பால்மாவில் வளர்ந்த பிள்ளை, ஒரு வயதில் நெஞ்செலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தான். டாக்டர் பார்த்துவிட்டு, தினமும் காலையில் ஒரு ஸ்பூன் மீனெண்ணெய் என்று எழுதினார். அத்தை கொதித்துவிட்டார்.

“மருந்துன்னு பேரு வச்சா மீனு துளசியாயிருமாக்கும்?”

அப்பா அதிசயமாக வாயைத் திறந்தார். “பிள்ள தேறணுமா வேண்டாமாக்கா?”

பேசிப் பேசி ஒரு உடன்பாடு வந்தது. புட்டி வீட்டுக்குள் வரக்கூடாது. புழக்கடைச் சுவரில் இருந்த மாடப்பிறையில்தான் இருக்கும். அதற்கென்று சிவப்பு நூல் கட்டிய தனி ஸ்பூன். குளித்தவர்கள் அதைத் தொடக்கூடாது. அம்மாவும் அத்தையும் விடியும் முன்பே குளித்துவிட்டு அடுப்படிக்குப் போகிறவர்கள். பெருமாளுக்குப் படைக்காமல் யாருக்கும் சோறு கிடையாது. அப்பா முதல் ஷிப்டுக்குப் போய்விடுவார். ஆக, காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் குளிக்காத ஆள் நான் ஒருத்திதான். அழுக்காக இருக்கிறேன் என்ற ஒரே தகுதியில் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அந்த நாற்றத்தை இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. தம்பியின் மூக்கைப் பிடித்து வாயைத் திறக்க வைத்து ஊற்றுவேன். பாதி உள்ளே போகும், மீதியை என் சட்டையில் துப்புவான். பிறகு நான் குளித்து, நெற்றியில் நாமக்கோடு இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனால், பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைச் சுளிப்பாள். “ஏட்டி, உங்க வீட்ல கருவாடா?” என்று ஒருநாள் வகுப்பே கேட்கும்படி கேட்டாள். நாமமும் கருவாட்டு வாடையுமாக நான் நின்ற நிலையை என்னவென்று சொல்ல? அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

மறுநாள் காலை புட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தேன். விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயைத் தகர டின்னிலிருந்து அதில் ஊற்றினேன். நிறம் ஏறக்குறைய ஒன்றுதான். தம்பி முதலில் பல்லைக் கடித்தான். நாக்கில் பட்டதும் ஸ்பூனைச் சப்பிவிட்டு இன்னொன்று கேட்டான். அடப்பாவி, இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அப்பா எத்தனை புட்டி வாங்கி வந்தாலும் அதே வேலைதான்.

ஆனால் நிம்மதி போய்விட்டது. ஊர்ப் பூனையெல்லாம் எங்கள் சாக்கடையோரம் வந்து உட்கார ஆரம்பித்தன. “இந்தப் பூனைகளுக்கு நம்ம வீட்டுச் சாக்கடையில என்ன கல்யாணம்?” என்று அத்தை ஒருநாள் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். சும்மாதான் பார்த்தாரா, தெரிந்து பார்த்தாரா? விளக்குக்கு வைத்த எண்ணெய் சீக்கிரம் தீர்கிறதே என்று அம்மா தனக்குள் சொல்லிக்கொண்டபோது, தகர டின் பக்கமே திரும்பாமல் புழக்கடைக்கு நழுவினேன். அவர்கள் இருவரும் அடுப்படியில் தாழ்ந்த குரலில் பேசினால், கதவுக்குப் பின்னால் போய் நின்று ஒட்டுக்கேட்பேன்.

ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது. தம்பி தேறினான். கன்னம் உப்பியது. டாக்டர் மீனெண்ணெயைப் புகழ்ந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புட்டி நின்றுபோனது, நானும் அதை மறந்தேன்.

தம்பிக்கு ஐந்து வயதானபோது தாகம் எடுக்கத் தொடங்கியது. சொம்பு சொம்பாகக் குடித்தான். பாயை நனைத்தான். கன்னம் வற்றியது. அவன் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்ப்பதை முதலில் பார்த்தவர் அத்தைதான். ஒருநாள் கூப்பிடக் கூப்பிட எழாமல் கிடந்தவனை அப்பா தோளில் போட்டுக்கொண்டு மதுரைக்கு ஓடினார். பதினெட்டு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, இனி ஆயுசு முழுக்க இன்சுலின் ஊசி என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் ஐஸ்பெட்டி கிடையாது. மண்பானைத் தண்ணீருக்குள் ஒரு டப்பா, டப்பாவுக்குள் மருந்து. கண்ணாடி ஊசியை அம்மா தினமும் வெந்நீரில் கொதிக்க வைப்பார். தம்பி பானையைப் பார்த்தாலே அலறுவான்.

எங்கள் ஊர் டாக்டர் பழைய கதையெல்லாம் கேட்டார். எத்தனை மாதம் தாய்ப்பால், என்ன மாவு, என்ன எண்ணெய். “அப்ப எழுதிக் குடுத்தேனே மீனெண்ண, ஒழுங்காக் குடுத்தீங்களா?”

“ஒருநாள் விடாமக் குடுத்தோம் சார்,” என்றார் அம்மா. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

டாக்டர் தலையாட்டிவிட்டு, இது உடம்பு தன்னைத் தானே தாக்கிக்கொள்கிற வியாதி, யார் மேலும் குற்றமில்லை என்று சொன்னார். அதை எங்கள் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. குற்றவாளி இல்லாமல் இப்படி ஒரு தண்டனையா? அது எப்படி?

அன்றிலிருந்து வீடு போலீஸ் ஸ்டேஷன் ஆகிவிட்டது. அத்தைக்கு மாமா மேல் சந்தேகம். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர். ஞாயிறுதோறும் பஸ் ஏறி, எண்ணெய்க் காகிதத்தில் நெய் கசியும் பொட்டலத்தோடு வருவார். தம்பிக்கு முதன்முதலில் சோறூட்டிய அன்றே அவன் நாக்கில் பால்கோவாவைத் தடவியவர் அவர். அம்மாவுக்கு அத்தை மேல் சந்தேகம்: நெய்யைப் பெருமாளுக்கு வைத்துவிட்டு, பிள்ளையின் பருப்புச் சோற்றில் வனஸ்பதியை விட்டுப் பிசைந்தவர் அவர்தான். வாய்விட்டுச் சொல்லமாட்டார், வனஸ்பதி டின்னைப் பார்க்கிற பார்வையிலேயே தெரியும். அப்பா ரேஷன் பாமாயிலைத் திட்டினார். நான் யார் மேலும் சந்தேகப்படவில்லை. குற்றவாளி யார் என்று எனக்குத் தெரியும் என்றே நம்பினேன். சாமி படத்தைக்கூட நேராகப் பார்க்கமாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், சட்டென்று முறத்தைக் கீழே வைத்தார்.

“ஏட்டி, அந்த டாக்டரு மீனெண்ணயப் பத்தி எதுக்குக் கேட்டாரு?”

அம்மா அடுப்பை ஊதினார்.

“அதக் குடுத்தது இந்தக் குட்டிதான? எம்புட்டுக் குடுத்தாளோ, குடுத்தாளோ இல்லையோ, யாரு கண்டா? அப்பவே பூன பூனையா வந்துச்சு...” என்று சொல்லிக்கொண்டே என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். “ஏட்டி, இங்க வா.”

நான் அசையவில்லை. சரி, வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் மாமா வாசலில் செருப்பைக் கழற்றினார். கையில் பொட்டலம்.

“என்ன தாயி, மருமகன் எப்படி இருக்கான்?” என்றபடி அவர் உள்ளே வர, அம்மா எழுந்தார். அம்மாவை அப்படி நான் பார்த்ததே இல்லை. பொட்டலத்தைப் பிடுங்கிப் புழக்கடையில் எறிந்தார்.

“வராதண்ணே! இனி இந்த வாசல மிதிக்காத. நீ ஊட்டி ஊட்டித்தான எம்பிள்ளைக்கி இப்படி ஆச்சு? நெய்யும் சீனியுமா நீதான கெடுத்த? எம்பிள்ளைய ஊசியில போட்டது நீதான்!”

அத்தையே திகைத்துப்போய், “விடு, வாசல்ல வந்த மனுசன...” என்று இழுத்தார். அம்மா விடவில்லை. தெருக்காரர்கள் எட்டிப் பார்க்கும் வரை ஏசினார். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மாமா போகும்போது என்னைப் பார்த்து, “தம்பியப் பாத்துக்கோ தாயி,” என்றார். அத்தை என்னை மறுபடி கூப்பிடவே இல்லை. அன்றைக்குப் பிறகு அவர் வனஸ்பதி டின்னையும் தொடவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

மாமா அந்த வாசலை மிதிக்கவில்லை. ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போவோம். வடம் பிடிக்கிற கூட்டத்தில் மாமா நிற்பார், எங்களைப் பார்த்ததும் கையைத் தூக்குவார், பாதியில் இறக்கிக்கொள்வார். அம்மா தேரைப் பார்ப்பதுபோல் நிற்பார். தன் பேரப்பிள்ளைகள் வாயில்கூட அவர் பால்கோவா வைத்ததில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

போன வருஷம் மாமா போய்ச் சேர்ந்தார். தம்பி இருக்கிறான், தானே ஊசி போட்டுக்கொண்டு, கல்யாணம் முடித்து, என்னைவிட நன்றாகவே இருக்கிறான். அவனுடைய டாக்டரிடம் நானே ஒருமுறை கேட்டேன். சின்ன வயதில் சாப்பிடும் கொழுப்புக்கும் இந்த வியாதிக்கும் தொடர்பு உண்டா என்று இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மீனெண்ணெய் காப்பாற்றலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஒரு பிள்ளைக்கு எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாதாம். விடுதலையும் இல்லை, தண்டனையும் இல்லை.

மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த மத்தியானம், அம்மாவிடம் சொல்லிவிட்டேன். புட்டி, சாக்கடை, நல்லெண்ணெய் எல்லாம். அம்மா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

“தெரியும்ட்டி,” என்றார்.

“எப்பம்மா?” என்றேன்.

“அப்பவே தெரியும். அவனத் தூக்கி முத்தம் குடுத்தா வாயில நல்லெண்ண வாசம். எனக்கு அம்புட்டு நிம்மதி. பெருமா வீட்டுப் பிள்ள வாயில மீன் வாட இல்லையேன்னு. சொல்லாம இருந்துட்டேன். பொறவு இப்படி ஆகும்னு கண்டனா?”

“அப்ப மாமாவ ஏம்மா...”

“உங்கத்த உம்பக்கம் திரும்பிட்டாளே. அவ வாயில ஒரு வார்த்த வந்துட்டா ஊரே சொல்லும், தம்பியக் காவு குடுத்தவன்னு. பொட்டப்பிள்ள, நீ அதச் சுமந்துக்கிட்டு எங்க போவ? நான் என்ன செய்வேன்? அண்ணன் உள்ள வந்தாரு.”

“மாமாகிட்டச் சொன்னியா?”

அம்மா வெற்றிலையை மடித்து, போடாமல் தட்டிலேயே வைத்தார்.

“சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வாங்கிய ஒவ்வொரு சொல்லும் எனக்கு வரவேண்டியது. கதவுக்குப் பின்னால் நின்ற நானோ, நல்லவேளை, இந்த மனுஷன் சரியான நேரத்துக்கு வந்தார் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.