சுங்குடியில் வெட்டிய மாதிரிக் கோட்டு

ஜெர்மனியில் மூன்று பேருக்கு ஒரே பொழுதுபோக்கு இருந்தால் அது சங்கமாகிவிடும். சங்கமாகிவிட்டால் தலைவர், பொருளாளர், விதிமுறை, பொதுக்குழு எல்லாம் தாமாக வந்து சேரும். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. பணிக்காலம் முழுவதும் பிறருடைய சோதனைகள் முறைப்படி நடந்தனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டே சம்பளம் வாங்கியவள் நான். விதி தெரிந்த ஒருத்தியை யாரும் ஏமாற்ற முடியாது என்று இளமையில் மனதார நம்பினேன்.

அறுபதுகளின் கடைசியில் கார்ல்ஸ்ரூஹேயில் வேதியியல் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். மாடியின் மேல் கூரைச் சரிவுக்குக் கீழே இருந்த இரண்டு அறைகளை நானும் ஒரு தோழியும் பகிர்ந்துகொண்டோம். நான் மதுரை, அவள் கோயம்புத்தூர். அவளுக்கு இயற்பியல். ஊரில் அறிமுகமில்லாத இருவர் அங்கே ஒரே குக்கரில் சோறு வைத்துச் சாப்பிட்டு அக்கா தங்கை போல ஆகிவிட்டோம். வீட்டுக்காரி எங்களைத் தனித்தனியாகக் கூப்பிடுவதைக்கூட விட்டுவிட்டாள்.

பழங்கால உடைகளைத் தாங்களே தைத்து அணிந்து ஊர்வலம் போகும் சங்கம் ஒன்று அங்கே இருந்தது. எனக்குத் தையல் வரும். ஆய்வகத்துக்கு வெளியே நாலு பேருடன் பேசிப் பழகவும் வேண்டியிருந்தது. சேர்ந்தேன். முதல் கோடைகால உலாவுக்குச் சேலையிலேயே வரும்படி சொன்னார்கள். போனேன். தெருவில் நின்றவர்கள் எல்லாம் என்னை மட்டும் படம் எடுத்தார்கள். மாவு வியாபாரி வேடம் போட்டிருந்தவர் என் முந்தானையைப் பிடித்துப் பார்த்து, இது உண்மைப் பட்டா என்று கேட்டார். நூறு வருடத்துக்கு முந்தைய ஊராக எல்லாரும் நடித்துக்கொண்டிருந்தபோது, நடிக்காமலே வேடிக்கைப் பொருளானது நான் ஒருத்திதான்.

ஆகவே குளிர்கால உலாவுக்கு முடிவு செய்துகொண்டேன். நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய நகரவாசிகளைப் போல உடுத்தி, டுர்லாக் பக்கத்துக் குன்றின்மேல் ஏறி, விடுதியில் சூடான மசாலா வைன் குடித்துவிட்டு இறங்குவதுதான் நிகழ்ச்சி. அதில் ஒரு குமாஸ்தாவின் மனைவியாக நடப்பேன். ஒருநாள், ஒரே ஒருநாள், அந்த ஊர்த் தெருவில் யாரும் திரும்பிப் பார்க்காமல் நடந்து பார்க்கவேண்டும். இந்த ஆசையைத் தோழியிடம் மட்டும் சொன்னேன். அவளையும் அதற்குள் சங்கத்தில் சேர்த்துவிட்டிருந்தேன்.

விதி எளியது. தைக்கப்போகும் உடைக்கு அந்தக் காலத்துப் படம் ஒன்று காட்டவேண்டும்; உடைப் பொறுப்பாளர் சம்மதிக்கவேண்டும். நான் நூலகத்தில் உட்கார்ந்து மூன்று கோட்டுகளைத் தேர்ந்தெடுத்தேன். முதலாவது, தலைமூடியுடன் கூடிய அரைவட்டப் போர்வைக் கோட்டு. தைக்கச் சுலபம். ஆனால் அதைப் போட்டுக்கொண்டால் முக்காடு போட்டதுபோல் இருக்கும், மறுபடியும் நான் மர்ம தேசத்துப் பெண். இரண்டாவது, விளிம்பெல்லாம் மென்மயிர் வைத்தது. அது சீமாட்டிகளுக்கு, குமாஸ்தா வீட்டில் அதைப் போட்டால் கணவன்மேல் விசாரணை வந்திருக்கும். மூன்றாவது, ரெடிங்கோட். இடுப்புவரை உடம்போடு ஒட்டி, அதற்குக்கீழ் விரிந்து, தோளின்மேல் இரண்டு அடுக்காகச் சிறு போர்வை விழும் கோட்டு. உயர்ந்த கழுத்துப்பட்டி, கை முழுவதும் மூடும். மூன்றிலும் தைக்கக் கடினமானது. அதைப் போட்டவளைப் பார்த்தால் கடைக்குப் போகிறாள் என்று மட்டும்தான் தோன்றும். அதையே எடுத்தேன். உடைப் பொறுப்பாளர், ஒரு மருந்துக்கடைக்காரரின் மனைவி, படத்தைப் பார்த்துவிட்டு, “தைரியம்தான் உங்களுக்கு” என்று கைகுலுக்கினார். விதிப்படி வேலை முடிந்தது. அப்படித்தான் நினைத்தேன்.

கம்பளியில் கத்தரி வைத்தபிறகு திருத்த முடியாது. அதனால் முதலில் மட்டமான துணியில் மாதிரி வெட்டித் தைத்துப் போட்டுப் பார்ப்பார்கள். அங்கே மற்றவர்கள் பழைய படுக்கை விரிப்பில் வெட்டுவார்கள். எங்கள் அறையில் விரிப்பெல்லாம் வீட்டுக்காரியுடையவை. எங்களிடம் மிச்சமாக இருந்தது ஒன்றுதான், கிழிந்தாலும் தூக்கி எறிய மனம் வராத பழைய சேலை. அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட என் சுங்குடியை விரித்து வெட்டினேன்.

ஊசிகளை வாயில் வைத்துக்கொண்டு என் முதுகுப்பக்கத் துணியைப் பிடித்துவிட்ட தோழி சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். “ஏண்டி, குமாஸ்தா பொண்டாட்டி மாதிரியா இருக்கே? மீனாட்சி கோயில் வாசல்ல ஜெர்மன்காரன் தையல்கடை வெச்ச மாதிரி இருக்கு!”

“நீ ஒழுங்கா ஊசி குத்து. இல்லேன்னா உன் தலைமூடிக் கோட்டை நீயே தைச்சுக்கோ.”

“அய்யோ தாயே, அது மட்டும் வேண்டாம்.” அவள் அந்தச் சுலபமான போர்வைக் கோட்டைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அதையும் நான்தான் தைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை அளவு பார்ப்பதற்காக மருந்துக்கடைக்காரரின் மனைவி மாடி ஏறி வந்தார். சுங்குடிக் கோட்டில் நின்ற என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார். “கடவுளே, எவ்வளவு அழகு! இதை ஏன் மாற்றுகிறீர்கள்?” இது வெறும் மாதிரி, உண்மையான கோட்டு பச்சை கலந்த சாம்பல் நிறக் கம்பளியில் என்றேன். தலையாட்டினார். நான் காபி போட உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவரும் தோழியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்துவிட்டு நிறுத்தினார்கள்.

அவர் போனபிறகு, “என்ன பேசிட்டிருந்தீங்க?” என்று கேட்டேன்.

“சும்மா, துணியைப் பத்தி.”

அடுத்த வாரங்களில் கம்பளியை வெட்டினேன். கழுத்துப்பட்டிக்குள் குதிரைமயிர் கலந்த முரட்டுத் துணியை வைத்துத் தைத்து, ஈரத்துணி போட்டு இஸ்திரிப்பெட்டியால் அமுக்கி வளைத்தேன். அறை முழுவதும் நனைந்த ஆட்டின் வாடை. வெளியே தெரியும் தையல் எல்லாம் கையால். நான் நடத்திய எந்தச் சோதனையையும்விட அது சுத்தமாக வந்தது.

டிசம்பர்க் கூட்டத்தில் மருந்துக்கடைக்காரரின் மனைவி எழுந்தார். இந்த உலாவில் ஒரு புதுமை என்றார். அந்தக் காலத்தில் நகரத்துக்கு விருந்தாளியாக வந்த கீழைநாட்டுத் தூதர் ஒருவரின் மனைவியும் ஊர்வலத்தில் நடப்பார், நம்மிடையே அதற்கென்றே ஒருவர் இருக்கிறாரே என்றார். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

நான் எழுந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை, விதி வந்தது. என் கோட்டுக்கு ஏற்கெனவே சம்மதம் தரப்பட்டுவிட்டது. இந்த விஷயம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை. ஆகவே விவாதிக்க முடியாது என்றேன்.

தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “ஃப்ராய்லைன் சொல்வது முற்றிலும் சரி,” என்றார், கல்யாணமாகாத பெண்ணை மரியாதையாக அழைக்கும் சொல்லால். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. “ஆனால் அவசர விஷயத்தைக் கைதூக்கி நிரலில் சேர்க்கலாம் என்றும் விதி இருக்கிறது. சேர்த்துவிட்டு முறைப்படி முடிவெடுப்போம்.” சேர்த்தார்கள். நான் விதியை இழுக்காமல் இருந்திருந்தால் சிரித்துப் பேசி மறுத்திருக்கலாம். இப்போது அது தீர்மானமாகிவிட்டது.

“இதில் அவருக்கு வருத்தமே இல்லை,” என்று மருந்துக்கடைக்காரரின் மனைவி சபையைப் பார்த்து அன்பாகச் சொன்னார். “உள்ளூர ஆசைதானாம், கேட்கத்தான் கூச்சமாம். தோழிதான் என்னிடம் சொன்னார். தன்னைவிட அவர் இன்னும் கறுப்பு, அவருக்குத்தான் அந்த வேடம் பொருந்தும் என்றும் சொன்னார்.”

நான் தோழியைப் பார்த்தேன். மேசைவிரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

தலைவர் கைதூக்கச் சொன்னார். எழுந்த கைகளையும் எழாத கைகளையும் பார்த்தேன். நான் எதிர்பார்க்காத சிலர், அந்த மாவு வியாபாரி உட்பட, கையை மடியில் வைத்துக்கொண்டு எனக்காக உட்கார்ந்திருந்தார்கள். தோழியின் கை எழுந்தது. உயரமாக இல்லை, பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோலத் தோளளவுக்கு. தலைவர் கண்ணாடிக்கு மேலாக உற்றுப்பார்த்து அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். ஒரு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது என்று அறிவித்தார்.

டிராமில் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்தாள். வேறு எங்கே உட்காருவாள், ஒரே வீடு.

“நீ ரொம்ப சென்ஸிட்டிவ்டி. ஒருநாள் ஃபன், அவ்வளவுதான்.”

“ஃபன்னுன்னா நீ போயேன்.”

“அவங்க முதல்ல என்னைத்தான் கேட்டாங்க.” ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தி போயே ஆகணும்னு புரிஞ்சுது. நான் என்ன பண்ண?”

“வேண்டாம்னு சொல்றது.”

“சொன்னேனே.”

“உனக்கு வேண்டாம்னு சொன்னே.”

கையிலிருந்த டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, “அந்தத் தலைமூடியைப் போட்டா நான் இத்தாலிக்காரி மாதிரி இருக்கேன்னு அவங்களே சொன்னாங்கடி,” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம். மறைக்கத்தான் பார்த்தாள். என் ஆசையே அவளுக்கும் இருந்திருக்கிறது. என்னை விலையாக வைத்தால் அது கிடைக்கும் என்று கண்டுபிடித்ததில்தான் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

தூதர் மனைவியாக வர இயலாது என்று தலைவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் வருந்தினார். அப்படியானால் எந்த வேடத்திலும் ஊர்வலத்தில் இடமில்லை, தீர்மானம் தீர்மானம்தான் என்று அதைவிட மரியாதையாகச் சொன்னார்.

ஜனவரி ஞாயிற்றுக்கிழமை தோழி கிளம்பிப்போன பிறகு, ரெடிங்கோட்டைப் போட்டுக்கொண்டு டுர்லாக் டிராமைப் பிடித்தேன். தெருவில் நின்று வேடிக்கை பார்ப்பவளை எந்த விதியும் தடுக்காது. குன்றுக்கு ஏறும் வழியில், ஒரு வளைவில், முதுகு காட்டி நின்றேன். பேச்சுச் சத்தம் ஏறி வந்தது. எல்லாருக்கும் முன்னால் நடந்த தலைவர், பனியில் நின்ற கோட்டைப் பார்த்து, அந்தக் காலத்து முறைப்படி, “வணக்கம் அம்மணி” என்று உயரத் தொப்பியைக் கழற்றினார். திரும்பினேன். தொப்பி பாதியில் நின்றது. பிறகு, நல்ல மனிதர், அதை முழுவதுமாக இறக்கிவிட்டு என்னைத் தாண்டிப் போனார்.

பின்னால் தூதரின் மனைவி வந்தாள். மருந்துக்கடைக்காரரின் மனைவிதான். முகத்திலும் கையிலும் பழுப்பு மை பூசி, தலையில் திரைச்சீலைத் துணியைச் சுற்றியிருந்தார். குளிரில் மூக்கு ஒழுகி, மூக்கடியில் வெள்ளைத்தோல் கோடாகத் தெரிந்தது. என் தேவையே அவர்களுக்கு இருந்திருக்கவில்லை. ஒரு டப்பி மை போதுமாக இருந்திருக்கிறது. அவர் கையைக் கோத்துக்கொண்டு என் தோழி நடந்தாள். அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாதையோரத்தில் நின்றவர்கள் மைபூசிய அம்மாளைப் படம் எடுத்தார்கள். தோழி என்னைப் பார்த்தாள். நிற்கவில்லை.

சாயங்காலம் கன்னம் சிவக்க வந்தாள். பூட்ஸைக் கழற்றிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். “கோட்டு உனக்கு எவ்வளவு நல்லா விழுந்திருக்கு தெரியுமா? எல்லாரும் விடுதியில அதைத்தான் பேசினாங்க. அந்தம்மா மை எல்லாம் வைன்ல கரைஞ்சு, ஐயோ, நீ பாத்திருக்கணும்.” நானும் சிரிப்பேன் என்று காத்திருந்தாள்.

“கை தூக்கினப்போ என்ன நெனச்சே?”

பூட்ஸின் கயிற்றோடு கொஞ்சநேரம் போராடினாள். “என்னத்த நெனைக்கிறது? எல்லாரும் தூக்கினாங்க.”

எல்லாரும் தூக்கவில்லை. அது எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, ரசத்தைச் சூடு பண்ணட்டுமா என்று கேட்டாள். எனக்கு வேண்டாம் என்றேன்.