யாரும் சாகாத படம்

எங்கள் பக்கத்தில் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், புருஷனை இழந்தவளின் பிறந்த வீட்டுக்காரர்கள் அங்கே எல்லோரையும் சினிமாவுக்குக் கூட்டிப் போக வேண்டும். போகாவிட்டால் துக்கம் வீட்டைவிட்டு நகராது என்பார்கள். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். எங்களுக்கு அது தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பது மாதிரி ஒரு காரியம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தையின் வீட்டுக்காரர் காய்ச்சலில் தவறியபோது நான் ஐந்தாம் வகுப்பு. ராஜபாளையத்திலிருந்து அப்பா, அம்மா, சித்தப்பா, நான் எல்லோரும் போயிருந்தோம். அந்த வீட்டில் 'செத்துப்போனார்' என்று யாரும் சொல்லவில்லை. 'அவிய போயிட்டாக' என்றார்கள், ஏதோ மதுரைக்குப் போன மாதிரி. பதினாறு கழிந்த பிறகு அத்தை கண்ணில் தண்ணீர் தெரிந்தாலே, "போதும்க்கா, இனிமே அழப்படாது" என்று ஆளாளுக்கு அடக்கினார்கள். அத்தையும் முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் எங்களுக்குக் காபி போட்டாள்.

எந்தப் படத்துக்குப் போவது என்று விசாரித்துச் சொல்வது சித்தப்பாவின் பொறுப்பு. அந்த நாளில் சாவு இல்லாத படம் கிடைப்பது லேசில்லை. அம்மா சாவாள், தங்கை சாவாள், யாரும் இல்லாவிட்டால் ஒரு மாடாவது சாகும். கொட்டகையில் ஓடிய படத்தை நான் எங்கள் ஊரில் பக்கத்து வீட்டு அக்காவோடு ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

"ஏட்டி, அதுல யாராச்சும் சாவாகளா?"

"ஒருத்தரும் சாகல சித்தப்பா."

"சத்தியமா?"

"சத்தியமா."

நான் பொய் சொல்லவில்லை. கதாநாயகன் ஆற்று வெள்ளத்தில் போய்விடுவான், ஊரே கூடிக் கருமாதி செய்துவிடும். ஆனால் கடைசியில் குதிரையில் வந்து இறங்குவான். திரும்பி வந்தவனை எப்படிச் செத்தவன் என்று சொல்வது?

இடைவேளைக்கு முன்னால் திரையில் அவன் மனைவியின் வளையலை உடைத்தார்கள். பின்னாலிருந்து என் தலையில் ஒரு குட்டு விழுந்தது.

"சாகலன்னியே, இது என்னட்டி?"

"பொறுங்க சித்தப்பா, அவரு வந்துருவாரு."

"வந்தாரு! வெளிய வா, ஒன்னய வச்சுக்கிடுதேன்."

அத்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னால்தானே என்று மெல்லத் திரும்பிப் பார்த்தேன். அத்தை அழுதுகொண்டிருந்தாள். தேம்பித் தேம்பி, வாய்விட்டு அழுதாள். கொட்டகையில் இருந்த பெண்கள் எல்லோருமே அழுததால் அவளை மட்டும் அடக்க யாருக்கும் வாய் வரவில்லை.

விளக்கு எரிந்ததும் சித்தப்பா, "வாங்கக்கா, வீட்டுக்குப் போவோம்" என்றார்.

"சும்மா உக்காருலே. நல்லாத்தான இருக்கு" என்றாள் அத்தை.

மறுபடி படம் ஓடியது. அத்தை என் காதருகே குனிந்தாள். "அவரு எப்ப வருவாரு?"

"வில்லன் கல்யாணப் பந்தல் போடுவான். அப்ப வந்துருவாரு."

பந்தல் வந்தது. நான் சீட்டு நுனிக்கு வந்துவிட்டேன். அத்தை சட்டென்று எழுந்து என் கையைப் பிடித்தாள். "உள்ள ஒரே புழுக்கமா இருக்கு. வாட்டி எங்கூட."

அத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னையா இழுக்க வேண்டும்! வெளியே பெட்டிக்கடையில் காராச்சேவு வாங்கி, சைக்கிள் ஸ்டாண்டுச் சுவரில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். உள்ளே விசில் பறந்தது. கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது.

"வந்துட்டாரா?" என்றாள்.

"வந்துட்டாரு. குதிரையில."

"வரட்டும், வரட்டும். நீ தின்னு."

அவளும் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். அவள் ருசித்துத் தின்றதை அத்தனை நாளில் அப்போதுதான் பார்த்தேன். முகம் தெளிந்திருந்தது. காலைக்கூட லேசாக ஆட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்குத்தான் ஆறவில்லை. அழ வேண்டிய இடத்தையெல்லாம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எழுந்து வந்துவிட்டாளே, இந்த அத்தைக்குப் படம் பார்க்கவே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு மிச்சக் காராச்சேவையும் தின்று தீர்த்தேன்.