கூரைக்குள் ஒரு சனிக்கிழமை விருந்தாளி

போன வருடக் கோடையில், டென்மார்க்கில், ஹேர்னிங் நகரில், எங்கள் வீட்டுப் பின்வளவில் நடந்த சங்கதி இது. பெரிய சாகசம் என்று எண்ணி வாசிக்க உட்கார்ந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எதிரியின் பருமன் ஒரு பூனை அளவு. எங்கள் பக்கத்தில் நான், என் மனைவி, பக்கத்து வீட்டு டெனிஷ் அம்மா என்று வளர்ந்தவர்கள் மூன்று பேர். அப்படியிருந்தும் வசந்தம் தொடங்கி யூலை வரைக்கும் தோற்றுக்கொண்டே இருந்தோம்.

முதலில் வந்தது சத்தம். பின்பக்க அறைக்கு மேலே, கூரைக்கடிப் பரணான லொஃப்டுக்குள், விடியற்காலைகளில் யாரோ அலுமாரி நகர்த்துவது போல ஒரு தடபுடல். பிறகு கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, நகர்த்திய இடம் பிடிக்கவில்லை என்பது போலத் திரும்பவும் தடபுடல்.

"என்னப்பா, மேலை ஆரோ குடியிருக்கினம்" என்றாள் மனைவி.

காற்று என்றேன். டென்மார்க்கில் எதற்கும் காற்றைக் காரணம் சொல்லலாம். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் காற்று எச்சம் போடாது. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் எட்டி, எங்கள் நடைபாதைக் கல்லில் கிடந்ததைப் பார்த்து, "மோர்" என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொன்னார். குடிக்கிற மோரல்ல, டெனிஷில் அது ஒரு பிராணியின் பெயர்; ஊரிலே கூரை ஓட்டை உழக்கி எங்கள் நித்திரையைக் கெடுத்த மரநாயின் தூரத்துச் சொந்தம். மண்ணிறம், நீண்ட வால், கழுத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் துண்டு. சாப்பாட்டுக்கு உட்காரும் முன்னரே துண்டு கட்டிக்கொண்டு வருகிற பிராணி.

நான் புத்தகக்காரன். ஒரு விடயம் தெரியாவிட்டால் நூலகத்துக்குப் போவேன்; தெரிந்தாலும் போவேன். மரநாய் என்ன தின்னும், எங்கே குட்டி போடும், எதற்குப் பயப்படும் என்றெல்லாம் வாசித்து, சாப்பாட்டு மேசையில் மனைவிக்கு விளக்கவுரை ஆற்றினேன். முட்டை, எலி, பழம், மனிதர் மிச்சம் விடும் எதுவும் அதற்கு ஆகும் என்று அந்தப் புத்தகத்தில் தெளிவாக இருந்தது. அந்த வரியை நான் சத்தமாகவே வாசித்தேன். அப்போது மனைவி சனிக்கிழமைத் தட்டில் வடை வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். என் ராசிக்கு ஏழரைச் சனி. எனக்கு அதில் பெரிய முறைப்பாடு இல்லை. என் வாழ்க்கையின் பாதிப் பிழைகளை அதன் தலையில் போடலாம். ஆனால் மனைவி விடவில்லை. சனிக்கிழமைகளில் விரதம் இருந்து, சோறு, பருப்பு, நெய், வடை, வாழைப்பழம் எல்லாம் ஒரு தட்டில் வைத்து, பின்வளவு மேசைக்குக் கொண்டுபோய் "கா, கா" என்று கூப்பிடுவாள். சனி பகவானின் வாகனம் வந்து ஒரு வாய் எடுத்தால் என் பாரம் கொஞ்சம் குறையும் என்பது கணக்கு.

இங்கத்தைய காகம் சாம்பல் நிறத்தில் ஒரு கையில்லாச் சட்டை போட்டுக்கொண்டு திரியும். கூப்பிட்டால் வராது. அழைப்பிதழ் வந்ததா என்று யோசிப்பது போலக் கூரையில் இருந்து பார்க்கும், பிறகு பறந்துவிடும். தட்டு அங்கேயே கிடந்து, மழையில் ஊறி, ஞாயிறு காலை அப்படியே குப்பைக்குப் போகும். மனைவிக்கு அது பெரிய மனத்தாங்கல். ஆனால் அந்த வருடம் பனி உருகிய நாளிலிருந்து, ஞாயிறு காலையில் தட்டு கழுவி வைத்தது போல வெறுமையாய் இருந்தது. ஒரு பருக்கை இல்லை.

"பாத்தியளோ, வரத் தொடங்கீட்டுது. உங்கடை சனி விலகப்போகுது" என்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்து எனக்கே தோள் கொஞ்சம் இலேசானது போல இருந்தது. மேலே சத்தம் தொடங்கியதும் அதே நாட்களில்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு சின்னப் பிள்ளைக்கும் முடியும். நான் நூலகத்தில் இருந்தேன்.

விளையாட்டாக இருந்த விசயம் வினையானது மகள் வந்து தங்கியபோது. அவளுக்கு முதல் பிள்ளை, கோடை முடிவில் பிரசவம். பிள்ளை பிறந்ததும் தாய்வீட்டுக்கு வந்து சில வாரம் இருப்பது எங்கள் வழக்கம். மனைவி பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயச்சரக்கு வறுத்து இடித்துப் போத்தலில் அடைத்துவிட்டாள். பின்பக்க அறைக்குப் புதுத் திரைச்சீலையும் தைத்துவிட்டாள். மகள் அந்த அறையில் ஒரே ஒரு இரவு படுத்தாள். காலையில் கண் சிவந்து வந்து, டெனிஷில் நீளமாக ஏதோ சொல்லி, முடிவை மட்டும் எங்களுக்காகத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, அது மேலை இருக்கும்வரை நான் பிள்ளையோடை இங்கை வரமாட்டன். இஷொய்க்கு, மாமி வீட்டை போறன்."

மனைவி காயச்சரக்குப் போத்தலை அலுமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவைத்தாள். இஷொயில் இருக்கும் சம்பந்தி அம்மா நல்ல மனிசி, பிரச்சினையே அதுதான். அவவின் வீட்டில் எல்லாம் ஒழுங்கு, கூரை உட்பட. முதல் பேரப்பிள்ளை எந்த வீட்டில் முதலில் கண்ணயரும் என்பது இரண்டு கிலோ மரநாயின் கையில் இருந்தது.

ஏணியைத் தூக்கிக்கொண்டு, கூரை விளிம்பில் அது நுழையும் ஓட்டையை அடைக்கப் போன என்னைப் பக்கத்து வீட்டு அம்மா மறித்தார். உள்ளே குட்டிகள் இருக்கும், அடைத்தால் செத்துப்போகும், பிறகு அந்த மணத்தோடு நீதான் குடியிருக்க வேண்டும் என்றார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. எதையும் இரண்டாம் வகுப்புக்குச் சொல்வது போலச் சொல்வார், எனக்கு அது பொருத்தமாகவே இருந்தது. குட்டிகள் தாய்க்குப் பின்னால் நடக்கும் வயது வரட்டும், பிறகு சத்தம் போட்டு எழுப்பலாம், எல்லாம் வெளியேறியதை உறுதி செய்தபின்தான் கம்பி வலை என்று ஒழுங்கு வகுத்துத் தந்தார்.

யூலை வந்தது. லொஃப்டுக்குள் ஒரு வானொலியை வைத்து டெனிஷ் பேச்சு நிகழ்ச்சி போட்டேன். மேலே தடபுடல் அடங்கிவிட்டது. காது வைத்துக் கேட்டால், போகவில்லை, நிம்மதியாகப் படுத்திருக்கின்றன. இந்த நாட்டில் பிறந்தவை, இந்த மொழி அவற்றுக்குத் தாலாட்டு. அடுத்து நாதஸ்வரமும் தவிலும். அன்று மேலே நடந்த ஓட்டத்தைக் கேட்க வேண்டும். தவில்காரர் நிறுத்திய இடத்திலும் இவை நிறுத்தவில்லை. ஆனால் அடுத்த நாள் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. வென்றுவிட்டேன் என்று மகளுக்குத் தொலைபேசி எடுக்கக் கை போனது.

பக்கத்து வீட்டு அம்மா, முதலில் ஓட்டைக்குக் கீழே மாத் தூவிப் பார், அடி பதிகிறதா தெரியும் என்றார். சமையலறையில் கைக்கு அகப்பட்ட டப்பாவை எடுத்துப் போய், சுவரோடு நிற்கும் அப்பிள் மரத்தடியில் தாராளமாகத் தூவினேன்.

"ஐயோ, அது புட்டுக்கு வறுத்த மா. மரநாய்க்குப் புட்டு அவிக்கப் போறியளோ?" என்று மனைவியின் குரல் யன்னலுக்குள்ளால் கேட்டது.

அது ஒரு சனிக்கிழமை. ஞாயிறு காலை இருவரும் வெளியே வந்தோம். அப்பிள் மரத்தடியிலிருந்து, வெள்ளை வெள்ளையாய், ஐந்து விரல் பதித்த சின்ன அடிகள் புறப்பட்டு, நடைபாதைக் கல்லெல்லாம் தாண்டி, ஒரு சந்தேகமும் தடுமாற்றமும் இல்லாமல், பின்வளவு மேசைக்குப் போயிருந்தன. மேசைக்கு மேலேயும் அடி. தட்டின் விளிம்பிலும் அடி. தட்டு கழுவி வைத்தது போல வெறுமை.

நான் வாய் திறக்கவில்லை. முப்பது வருட மணவாழ்க்கையில் கற்ற ஒரே கலை அது. மனைவி அந்த அடிகளை மேசையிலிருந்து மரம் வரைக்கும், மரத்திலிருந்து கூரை வரைக்கும் கண்ணால் அளந்தாள். அழப்போகிறாள் என்று பயந்தேன்.

"அப்ப உங்கடை சனி விலகேல்லை" என்றாள் நிதானமாக. "கூரைக்குள்ளை ஏறி இருந்திருக்கு. நான்தான் நெய்யும் விட்டுச் சாப்பாடு குடுத்திருக்கிறன்."

பிறகு சிரித்தாள். மகள் போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான். வேலிக்கு அந்தப் பக்கம் விசயம் போனதும் அந்த அம்மாவும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். வாராவாரம் சாப்பாடு வீட்டு வாசலுக்கே வந்தால் எந்தப் பிராணி வீடு மாறும் என்று கேட்டார். பிறகு, நாங்கள் கேட்காமலே, தன் தோட்டக் கொட்டிலுக்குப் பின்னால் பழைய விறகு அடுக்கு ஒன்று இருக்கிறது, மரநாய் அங்கே வரட்டும், தனக்கு எலித் தொல்லை இருக்கிறது என்றார். தட்டை இனி அங்கே வைப்பது என்று பெண்கள் இருவரும் முடிவு செய்தார்கள். என்னிடம் விடப்பட்டது சத்தத் துறை மட்டும்.

"டெனிசுக்கும் அசையேல்லை, தவிலுக்கும் அசையேல்லை. இனி என்னத்தைப் போடுறது?" என்றேன்.

"உங்கடை பேச்சு இருக்கெல்லே" என்றாள் மனைவி. "வாணி விழாவிலை பேசினது. சனம் வடை எடுக்க எழும்பினதெல்லே, அது."

எங்கள் தமிழ்ச் சங்கம் நவராத்திரிக்கு நடத்தும் வாணி விழாவில் வருடா வருடம் பட்டிமன்ற நடுவர் நான். குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் கணவனா மனைவியா என்று, முக்கால் மணி நேரம், மேற்கோள்களோடு. நான் தொகுப்புரை தொடங்கினால் மண்டபத்தின் பின்வரிசை சிற்றுண்டிப் பக்கம் நகரும் என்பது ஹேர்னிங்கில் எல்லோரும் அறிந்தது. ஆனாலும் அதை வீட்டில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம், தட்டு விறகு அடுக்கடிக்குப் போனது. ஒலிபெருக்கியை லொஃப்டில் ஏற்றி, என் பேச்சின் ஒலிப்பதிவை முழுச் சத்தத்தில் போட்டுவிட்டு, நாங்கள் மூவரும் தூரத்தில் கதிரை போட்டுக் கோப்பியோடு இருந்தோம். கோடைக் காலம், இரவுச் சாப்பாடு முடிந்தும் நல்ல வெளிச்சம். கூரைக்குள்ளிருந்து நானே எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன சொல்கிறார் என்று அந்த அம்மா கேட்க, மனைவி டெனிஷில் சுருக்கம் சொன்னாள்:

"குடும்ப மகிழ்ச்சிக்கு மனைவிதான் காரணமாம். அதைச் சொல்ல முக்கால் மணி நேரம் எடுக்கிறார்."

இரண்டாவது மேற்கோளில் ஓட்டைக்குள் ஒரு தலை தெரிந்தது. வெள்ளைத் துண்டு கட்டிய கழுத்து. எங்களைப் பார்த்தது, பின்னால் கூரையைத் திரும்பிப் பார்த்தது, இனி இங்கே இருக்க முடியாது என்ற முகத்தோடு அப்பிள் மரத்தில் இறங்கியது. பின்னால் ஒரு குட்டி. அதன் பின்னால் இன்னொன்று. வேலியோரமாக வரிசையாக, தள்ளுப்படாமல், விறகு அடுக்குப் பக்கம் போயின. நான் கதிரையை விட்டு எழுந்தே விட்டேன். என் பேச்சுக்கு அதுவரை யாரும் இவ்வளவு உடனே செயலில் இறங்கியதில்லை.

அப்போதுதான் மூன்றாவது குட்டி தெரிந்தது. ஓட்டை வாசலில் நின்றபடி, மரத்துக்குப் பாயப் பயந்து, கீச்சுக் கீச்சென்று கத்தியது. தாய் வேலிக்கு அப்பால் மறைந்துவிட்டது. நான் ஏணியைப் பிடித்தேன். தொடாதே என்றார் பக்கத்து வீட்டு அம்மா. குட்டி திரும்ப உள்ளே போகப் பார்த்தது. போனால், தாயும் அதைத் தேடி வரும், எல்லாம் பழையபடி. மகளும் இஷொய்க்குப் போய்விடுவாள்.

"பேச்சை நிப்பாட்டுங்கோ" என்றாள் மனைவி. "பிள்ளை பயப்படுது."

ஓடிப்போய் நிறுத்தினேன். தீர்ப்புக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. திடீரென்று வளவு முழுக்க அமைதி. அந்த அமைதியில் தாய் வேலிக்குள்ளால் திரும்பி வந்தது. மரத்தின் பாதி வரை ஏறி, உர்ரென்று ஏதோ சொன்னது. குட்டி கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தது என்றுதான் சொல்வேன். கொப்பில் தொங்கி, நழுவி, பிடித்து, கீழே வந்தது. இரண்டும் போயின. மனைவி என் கையைப் பிடித்திருந்தாள். அதை நான் பிறகுதான் கவனித்தேன்.

அதன்பின் எத்தனையோ காலைகள் மாத் தூவிப் பார்த்தோம், இந்தத் தரம் மலிவான கோதுமை மா. ஒரு அடியும் பதியவில்லை. நான் ஏணியில் ஏறிக் கம்பி வலை அடித்தேன். ஆணிக்குப் போன அடிகளில் கொஞ்சம் என் பெருவிரலுக்கும் போனது. அந்தக் கட்டோடுதான் பேரனைக் கையில் வாங்கினேன். மகள் வந்து இறங்கியதும் வாசலிலேயே நின்று டெனிஷில், "போய்விட்டதா?" என்று கேட்டாள். "ஓம், குடும்பத்தோடை" என்றாள் மனைவி. பிள்ளை பின்பக்க அறையில், புதுத் திரைச்சீலைக்கு உள்ளே, அன்று பின்னேரம் முழுக்க நித்திரை கொண்டான். மேலே ஒரு சத்தமும் இல்லை. மனைவி அறை வாசலில் நின்று கூரையையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சம்பந்தி அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, மிகவும் பணிவாக, எல்லாம் வசதியாக இருக்கிறது என்று தெரிவித்தாள்.

சனிக்கிழமைத் தட்டு இன்றைக்கும் விறகு அடுக்கடிக்குப் போகிறது. யார் வந்து எடுக்கிறார்கள் என்று நாங்கள் போய்ப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டு அம்மா எலி குறைந்துவிட்டது என்கிறார், எனக்கு அது போதும். போன வாணி விழாவிலும் நான்தான் நடுவர். தொகுப்புரை தொடங்கிச் சிறிது நேரத்தில் பின்வரிசையில் ஒரு தாய் எழுந்து, தன் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, கதவுப் பக்கம் நடக்கத் தொடங்கினார். முன்பென்றால் குரலை இன்னும் உயர்த்துவேன். இப்போதோ, கடைசிப் பிள்ளையும் வாசலைத் தாண்டும்வரை பேச்சைக் கொஞ்சம் நிறுத்தி, எல்லாம் பத்திரமாகப் போய்விட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்பைச் சொல்கிறேன்.