டிக்கெட் அவுகட்ட இருக்கு

டிக்கெட் கலெக்டர் என்பவன் யாரையும் நம்பாமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவன். அந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டு வியர்த்தவர்களுக்கும், அதைக் கண்டு வியர்த்தவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு ரயில் ஓடத் தொடங்கிச் சில வருஷங்களே ஆகியிருந்த காலம். பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. ஆனால் அதற்குள் டிக்கெட் இருக்காது. புருஷன் இரண்டு டிக்கெட்டையும் வாங்கித் தன் மடியில் செருகிக்கொண்டு ஆண்கள் பெட்டியில் போய் உட்கார்ந்துவிடுவார். பெண்களிடம் கேட்டால், "டிக்கெட் அவுகட்ட இருக்கு" என்பார்கள். அவுக யார் என்று கேட்டால் பதில் வராது. புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று அநேகமாக எல்லாச் சாதியாரும் நம்பினார்கள். ஆகவே வண்டி நிற்கிற கொஞ்ச நேரத்தில் நாங்கள் டிக்கெட்டைத் தேடவில்லை, புருஷன்மாரைத் தேடினோம்.

தலைப்பாகை

சேரன்மகாதேவியில் ஒருநாள் அப்படித் தேடிப் பிடித்த ஒரு புருஷனைப் பெண்கள் பெட்டியருகே கூட்டிவந்தேன். மடியைப் பார்த்தார், துண்டை உதறினார், பையைக் கவிழ்த்தார். டிக்கெட் இல்லை. அவருக்கு வேர்த்துவிட்டது. நாலுபேர் முன்னால் புருஷனிடம் நேரே பேசக்கூடாதென்று அந்த அம்மாள் ஜன்னல் கம்பியைப் பார்த்துச் சொன்னாள்: "தலைப்பாயில பாக்கச் சொல்லுங்க."

தலைப்பாகையை அவிழ்த்தார். இரண்டு டிக்கெட்டும் விழுந்தன. எடுத்து என்னிடம் நீட்டிவிட்டு, கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "பாத்தீரா வே, பொம்பளை கையில குடுத்திருந்தா தொலைஞ்சே போயிருக்கும்."

ஒரே ஒரு டிக்கெட்

உவரியிலிருந்து கருவாடு கொண்டுவந்து அம்பாசமுத்திரம் சந்தையில் விற்றுத் திரும்புகிற அம்மாள் ஒருத்தி பெண்கள் பெட்டியில் ஏறினாள். கூடை காலிதான். ஆனாலும் உள்ளே இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பக்கத்துப் பெட்டியிலிருந்து அவர்களுடைய புருஷன்மார் இறங்கிவந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அவளிடம் டிக்கெட் கேட்டேன். இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள். அந்தப் பெட்டியில் டிக்கெட்டைத் தன் கையில் வைத்திருந்த ஒரே பெண் அவள். அவளைத்தான் இறக்கி, ஆண்கள் பெட்டியில் மூட்டைகளுக்கு நடுவே ஏற்றினோம். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தபடியே, "பொம்பளை வண்டின்னு சொன்னாக. எல்லாப் பொம்பளைக்கும்னு நெனைச்சிட்டேன், ஐயா" என்றாள்.

பெயர்

அம்பாசமுத்திரத்தில் ஒரு காலை வண்டி. எதிர்வண்டிக்காக அங்கே சிறிது நேரம் நிற்கும். பெண்கள் பெட்டியில் இருந்த இளவயதுப் பெண் வழக்கமான பதிலையே சொன்னாள். ஆண்கள் பெட்டியில் போய் விசாரித்தால், "கல்லிடக்குறிச்சியில வெத்தல வாங்க இறங்குன மனுசன் ஏறலையே" என்றார்கள். முந்தின ஸ்டேஷனில் புருஷன் நின்றுவிட்டான். டிக்கெட்டும் அவனோடு நின்றுவிட்டது. அவள் போக வேண்டியது கடையத்துக்கு.

"எங்கம்மை சாகக் கிடக்கா, ஐயா. கண்ணு என்னையத்தான் தேடுதாம். என்னை இறக்கிராதீக" என்றாள்.

டிக்கெட் இல்லாதவரை இறக்கி வைக்க வேண்டும் என்பது விதி. ஸ்டேஷன் மாஸ்டர் கெட்டவர் அல்ல. "புருசன் பேரைச் சொல்லும்மா. கல்லிடக்குறிச்சிக்குத் தந்தி அடிக்கேன். அங்க கூப்பிட்டுப் பாத்து, டிக்கெட் இருக்குன்னு பதில் வந்தா இந்த வண்டியிலயே போயிரலாம்" என்றார். அவள் தாலியைப் பிடித்துக்கொண்டு தலையசைத்தாள். பெற்றவளைப் பார்ப்பதற்காகக் கட்டியவன் ஆயுசைக் குறைக்க அவளால் முடியவில்லை.

பிறகு அவளுக்கே ஒரு வழி தோன்றியது. "எம் பேரு செல்லம்மா. எம் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க. அவுகளுக்குத் தெரியுமே."

எங்களுக்குத் தோன்றாத யோசனை. 'செல்லம்மாள் புருஷன்' என்று தந்தி போயிற்று. காத்திருந்தோம். அப்படி ஒருவரும் இல்லை என்று பதில் வந்தது.

அவளுடைய டிக்கெட் விலை பெரிய தொகை அல்ல. பார்த்துக்கொண்டு நின்ற மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் மடியில் கைவைத்தார், பிறகு எடுத்துவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: "நாளைக்கு அவ புருசன் வந்து, எம் பொண்டாட்டிக்கு டிக்கெட் எடுக்க நீ யாருலேன்னு கேட்டா என்ன வே சொல்லுவேன்?"

செல்லம்மாள் புருஷன்

எதிர்வண்டி வந்தது, இந்த வண்டி போயிற்று. அவள் பிளாட்பாரத்தில் மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். சோறு கொடுத்தனுப்பினோம், தொடவில்லை.

சாயங்கால வண்டியில் புருஷன் வந்து இறங்கினான். இரண்டு டிக்கெட்டும் பத்திரமாக மடியில் இருந்தன. அதே வண்டியில் இருவரையும் ஏற்றிவிட்டோம். அவள் கடையத்தில் இறங்குவதற்கு முன்பே தாயை எடுத்துவிட்டார்கள் என்று மறுநாள் அந்த ஊர்ப் போர்ட்டர் சொன்னான்.

இருவரையும் ஏற்றுமுன் ஸ்டேஷன் மாஸ்டர் புருஷனைக் கேட்டார்: "காலையில கல்லிடக்குறிச்சி ஸ்டேசன்ல நீ இல்லையா? எங்க போனே?"

"எங்கயும் போகலை. அங்கனதான் நின்னேன். மூணு தடவை கூப்பிட்டாக, காதுல விழுந்துது" என்றான் அவன். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஸ்டேஷன் மாஸ்டருக்கு விளங்கவில்லை போலும் என்று நினைத்து, பொறுமையாகவே விளக்கினான்: "அத்தனை ஆம்பளை நிக்க எடத்துல செல்லம்மா புருசன்னு கூப்பிட்டா, நான்தான்னு எப்படி ஐயா முன்னால வருவேன்?"

அந்த உத்தியோகத்தில் இருந்தவரை, டிக்கெட் இல்லையென்று நாங்கள் இறக்கி உட்காரவைத்த பெண்களில் அநேகமாக எல்லோருக்கும் டிக்கெட் வாங்கித்தான் இருந்தது.