அம்மாவின் போனுக்கு வந்த ஆறு இலக்கம்

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்த மறு வருடம், வெளிவாரிப் பட்டப்படிப்புக்குப் பதிந்தேன். அது இரண்டாயிரங்களின் கடைசிப் பகுதி. ஒப்படைகளை, அதாவது எழுதிக் கொடுக்க வேண்டிய பாடக் கட்டுரைகளை எல்லாம், படிப்பை நடத்திய நிறுவனத்தின் இணையத்தளத்தில்தான் சேர்க்க வேண்டும். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய், ஒரு பாயின் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து எழுதுவேன்.

அந்தத் தளத்தில் கடவுச்சொல் மட்டும் போதாது. அதை அடித்ததும் நாம் பதிந்த போனுக்கு ஆறு இலக்கம் வரும். அதையும் அடித்தால்தான் கணக்குத் திறக்கும். நான் பதிந்தபோது என்னிடம் போன் இல்லை. வீட்டில் இருந்த ஒரே போன், கொழும்பில் வேலை செய்த தம்பி அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தது. அந்த இலக்கத்தையே கொடுத்திருந்தேன்.

அம்மா கொழுந்து பறிக்கிறவர். நாங்கள் குடியிருந்த லயத்தில் சிக்னல் கிடையாது, வேலை செய்யும் மலை உச்சியில் நன்றாகக் கிடைக்கும். போனைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். நான் கடைப் போனிலிருந்து கூப்பிட்டதும், மலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவின் கண்ணில் படாமல் தேயிலைக்குள் குனிந்து, ஒவ்வோர் இலக்கமாக வாசிப்பார். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆங்கிலச் செய்தி புரியாது என்றாலும் இலக்கங்களில் ஒரு தடவைகூடப் பிழை விட்டதில்லை.

முதல் தடவையே அவரிடம் சொல்லியிருந்தேன், இந்த நம்பரை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, என் குரல் கேட்டால் மட்டும் சொல்லுங்கள் என்று. "தம்பி கேட்டா?" என்றார். தம்பிக்கும் கூடாது என்றேன்.

ஒரு புதன்கிழமை, நான் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றார். கொழுந்து பறிக்கும்போது உடை நனையாமல் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. வேலை நேரத்தில் அவர் மலையை விட்டு இறங்கியதே இல்லை. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் பயந்தேன்.

வெளியே வந்ததும் மூச்சு வாங்கச் சொன்னார். போனுக்கு இலக்கம் வந்திருக்கிறது. நான் கேட்காமல் ஏன் வருகிறது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆண் குரல் கூப்பிட்டிருக்கிறது. நிறுவனத்து ஒபிசிலிருந்து பேசுவதாகவும், இப்போது வந்த இலக்கத்தை உடனே சொல்லாவிட்டால் மகள் பரீட்சை எழுத முடியாது என்றும் மிரட்டியிருக்கிறது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எம் மக கேட்டாத்தான் சொல்லுவேன், அவளப் பேசச் சொல்லுங்கன்னேன். வச்சிட்டான்." பிறகு, "பரீட்சை போயிருமோன்னு பயமாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் சொல்லல" என்றார்.

ஒபிஸ் என்று வந்த எந்தக் குரலுக்கும் அம்மா அதுவரை மறுப்புச் சொன்னவர் அல்ல. அது எனக்குத் தெரியும். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதிபரிடம் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஹட்டன் போனேன். அம்மா மறுபடி மலை ஏறி, எனக்காக இலக்கம் வாசித்தார். கணக்கைத் திறந்தேன். ஒப்படை அப்படியே இருந்தது. உடனே கடவுச்சொல்லை மாற்றினேன். யாரோ என் பழைய கடவுச்சொல்லைச் சரியாக அடித்திருந்தால்தான் அந்த இலக்கம் வந்திருக்கும் என்பது அப்போது உறைத்தது. போன சனிக்கிழமை பக்கத்தில் யார் இருந்தது என்று பாயிடம் கேட்டேன். "உங்க கூடப் படிக்கிற தம்பிதானே, டீச்சர்" என்றார். நான் கடவுச்சொல் அடிக்கும்போது பேனா கேட்டு என் பக்கம் அந்த மாணவர் சாய்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அம்மாவின் போன் இலக்கம் எங்கள் பட்டப்படிப்பு வகுப்பின் பட்டியலில் எல்லாருக்கும் தெரியும்படி இருந்தது.

பட்டப்படிப்பின் ஞாயிறு வகுப்பு முடிந்ததும் அந்த மாணவரைத் தனியே நிறுத்தி நேராகவே கேட்டேன். மறுக்கவில்லை. தன்னுடைய ஒப்படை பாதியில் நிற்பதாகவும், என்னுடையதைப் பார்த்து எழுத நினைத்ததாகவும் தலை குனிந்தபடி சொன்னார். விரிவுரையாளரிடம் போகப்போகிறேனா என்று கேட்டார். "நீங்க மிரட்டினது எங்கம்மாவ. மொதல்ல அவங்ககிட்ட பேசுங்க" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை, பாயின் கடைப் போனிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அம்மா திட்டவில்லை. "கேட்டிருந்தா அவளே சொல்லிக் குடுத்திருப்பாளே, தம்பி" என்றது மட்டும் எனக்குக் கேட்டது. அந்த மாணவருக்குக் கண் கலங்கிவிட்டது. விரிவுரையாளரிடம் நான் போகவில்லை. அடுத்த ஒப்படையை இரண்டு பேரும் பாயின் கடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவரவருடையதை அவரவரே எழுதினோம். ஆனால் கடவுச்சொல் அடிக்கும்போது அவரை எழுந்து வெளியே நிற்கச் சொல்வேன். முகம் சுளிக்காமல் போய் நிற்பார்.

நான் பட்டம் வாங்கினேன். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. அந்தப் புதன்கிழமைக்குச் சில மாதங்கள் கழித்து, தோட்ட ஒபிசில் பெண்களை வரிசையாக நிறுத்தி ஏதோ ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். அம்மாவின் முறை வந்தபோது பேனாவை வாங்காமல், "இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க ஐயா, பெறகு வைக்கிறேன்" என்றிருக்கிறார். படிவத்தை வைத்திருந்த ஒபிஸ் கிளாக்கர் வாசித்தாராம். பின்னால் நின்ற பெண்களும் கேட்டுக்கொண்டு நின்றார்களாம்.