கைப்பையாரின் கத்தரிக்கோல்

முப்பத்தொரு வருஷம் விமானத்தின் வயிற்றுக்குள் பெட்டி அடுக்கிய ஒரு மனிதர், பார்க்கிறவர்களிடமெல்லாம் "பெட்டியை உள்ள போடாதீங்க, கையிலயே கொண்டு போங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தால் தெருக்காரர்கள் சும்மா விடுவார்களா? கைப்பையார் என்று பெயர் வைத்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதைவிட மோசமான பெயர்களெல்லாம் வேலையிடத்தில் வாங்கியிருக்கிறார்.

பயணி கவுன்ட்டரில் கொடுக்கிற பெட்டி, ரப்பர்த் திரையைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனதும் கைப்பையாரின் ராஜ்யத்துக்குள் நுழைந்துவிடும். பெல்ட்டிலிருந்து டிராலிக்கு, டிராலியிலிருந்து விமானத்துக்கு. விமானத்தின் வயிற்றுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது, முட்டி போட்டுத்தான் அடுக்க வேண்டும். அதில் முட்டி போயிற்று. என்ஜின் சத்தத்தில் காது போயிற்று. காது போனதால் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அவர் வீட்டு ரகசியம் என்று அந்தத் தெருவில் தனியாக ஒன்றும் கிடையாது.

தெருவில் யார் விமானம் ஏறுவதாக இருந்தாலும் முதல் நாள் அவரிடம் வந்து யோசனை கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் அவரே போய்ச் சொல்லிவிட்டு வருவார். 'உடையக்கூடியது' என்று சீட்டு ஒட்டினால் என்ன செய்வீர்கள் என்று எதிர்வீட்டு டீச்சர் கேட்டார். "ரெண்டு கையாலயும் தூக்கிப் போடுவோம்மா" என்றார் கைப்பையார். டீச்சர் அன்றைக்கே பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுத் தோள்பையோடு கிளம்பினார். மூன்றாவது வீட்டு எலக்ட்ரீஷியனுக்குக் கைப்பைக்கு அனுமதித்த ஏழு கிலோவுக்கு மேல் சாமான் இருந்தது. மிச்சத்தை உடம்பில் போட்டுக்கொள்ளச் சொன்னார். அந்த ஆள் மூன்று பேண்டும் நான்கு சட்டையும் மாட்டிக்கொண்டு போய், சீட்டில் உட்கார்ந்ததும் பெல்ட் போட முடியாமல், நீட்டிப்பு பெல்ட் கேட்டு வாங்கினாராம். ஆனாலும் ஒரு பொருளும் தொலையவில்லை. அதைத்தான் பார்க்க வேண்டும் என்பது கைப்பையாரின் கட்சி.

இவர் பிறக்கும்போதே இப்படி இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே வாய் இதற்கு நேர் எதிராகப் பேசிக்கொண்டிருந்தது. "நான் கீழ இருக்கிற வரைக்கும் உங்க பெட்டிக்கு ஒண்ணும் ஆகாது" என்று மார்தட்டிக்கொண்டிருந்த காலம் அது. அப்போதுதான் அவருடைய ஒரே மகளுக்கு வெளிநாட்டில் ஒரு பெரிய துணி நிறுவனத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. மகளுக்குத் தையல் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா வீட்டிலேயே முப்பது வருஷமாகத் துணி வெட்டித் தைக்கிறவர். நேர்காணலில் காட்டுவதற்காக மகள் ஆறு உடைகளை நான்கு மாதம் கண்முழித்துத் தைத்திருந்தாள். அவற்றைக் கையிலேயே கொண்டு போகிறேன் என்றாள். அப்பாதான் தடுத்தார். அந்தச் சின்னப் பையில் திணித்தால் கசங்கிப்போகும், பெரிய பச்சைப் பெட்டியில் விரித்து வை, கீழே நான் இருக்கிறேன், என் கையாலேயே ஏற்றுகிறேன் என்றார். அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அன்றைக்கு டிராலியில் பச்சைப் பெட்டி வந்தது. எல்லாப் பெட்டியோடும் சேர்த்து அதைத் தூக்கி எறிய அவருக்குக் கை வரவில்லை. பெற்ற மகளின் பெட்டி. தனியாக எடுத்தார், ஒரு தூண் ஓரமாகப் பத்திரமாக வைத்தார். கடைசியில் ஏற்றினால் கதவுப் பக்கமாக இருக்கும், மேலே பாரம் விழாது, அங்கே போய் முதலில் இறங்கும். கணக்கு சரிதான். அதற்குள் இன்னொரு டிராலி தாமதமாக வந்தது, மேலாளர் கத்தினார், அவசர அவசரமாக அதை ஏற்றி முடித்ததும் கதவு சாத்தப்பட்டது. விமானம் நகர்ந்தது. மகள் எந்த ஜன்னலில் இருக்கிறாள் என்று தெரியாததால் எல்லா ஜன்னலுக்கும் பொதுவாகக் கையசைத்துவிட்டுத் திரும்பினார். தூண் ஓரத்தில் பச்சைப் பெட்டி அப்படியே நின்றுகொண்டிருந்தது.

பெட்டி நான்காம் நாள்தான் போய்ச் சேர்ந்தது. நேர்காணல் இரண்டாம் நாளே முடிந்துவிட்டது. தைக்கத் தெரியும் என்று வாயால் சொன்னால் போதாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மகள் அந்த ஊரிலேயே இன்னொருவர் கடையில் பேண்ட் அடி மடித்துத் தைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள்.

நடந்ததை அப்பா நடந்தபடியே சொன்னார். அவள் நம்பவில்லை. "யாராவது பத்திரமா வச்சுத் தொலைப்பாங்களா? வழக்கம்போல டீ குடிக்கப் போயிருப்பார், மறந்திருப்பார்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அதில் ஒரு நியாயம் இருந்தது. கைப்பையார் ஒரு ஷிப்டுக்கு ஏழு டீ குடிக்கிற மனிதர், அது விமான நிலையம் முழுக்கத் தெரியும். பொய் சொன்னார் என்பதுதான் அவளுக்குப் பெட்டி தொலைந்ததைவிடப் பெரிய கோபம். அதன் பிறகு ஆறு வருஷம் அவள் அப்பாவோடு பேசவில்லை. அம்மாவுக்கு வாரம் இரண்டு தடவை போன் வரும். அவர் காதிலும் விழட்டும் என்று அம்மாவும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். தெரு முழுக்க மகளின் குரலைக் கேட்கும், கைப்பையாரும் கேட்பார். அவரைப் பற்றி மட்டும் அதில் ஒரு வார்த்தை வராது. மனுஷனுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. டீயை நிறுத்தினார். யாரும் கவனிக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஊருக்கு உபதேசம் செய்யத் தொடங்கினார். அதை எல்லாரும் கவனித்தார்கள்.

இந்த வருஷம் மகள் சொந்தமாகத் தையல்கடை வைக்க ஏற்பாடு செய்தாள். ஒத்தாசைக்கு அம்மாவை வரவழைத்துக்கொண்டாள். கைப்பையார் தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்றுகொண்டு கிடந்தார். மூன்று மாதம் கழித்து மனைவி போன் செய்தார்.

"கிளம்பி வாங்க. டிக்கெட் போட்டாச்சு. அலமாரியில என் பெரிய கத்தரிக்கோல் இருக்கு, எடுத்துட்டு வாங்க. வியாழக்கிழமை கடை திறக்கறா. முதல் துணியை அம்மா கத்தரிக்கோலாலதான் வெட்டுவேன்னு நிக்கறா."

"அவ சொன்னாளா?"

"அப்பாகிட்ட சொல்லி அனுப்புன்னு சொன்னா. 'அப்பா'ன்னுதான் சொன்னா."

கைப்பையார் போனை வைத்துவிட்டு நேராகப் போய் அலமாரியைத் திறந்தார். கத்தரிக்கோலை எடுத்தார். பன்னிரண்டு அங்குல இரும்பு, கைப்பிடியில் கறுப்பு வண்ணம் தேய்ந்து மனைவியின் கட்டைவிரல் அளவுக்கு வெள்ளையாகிவிட்டிருந்தது. பழைய துண்டில் சுற்றினார். எதில் வைப்பது என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. சூடு கண்ட பூனை. ஏழு கிலோ கைப்பையின் நட்டநடுவில், இரண்டு சட்டைகளுக்கு இடையில் வைத்து மூடினார்.

இங்கேதான் அவரை முட்டாள் என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். முப்பத்தொரு வருஷம் விமான நிலையத்தில் வேலை பார்த்தவர்தான், ஆனால் ஒரு நாளும் விமானத்தில் ஏறிப் பயணம் செய்ததில்லை. கீழே நடப்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். மேலே பயணியின் கைப்பையைத் திறந்து என்ன பார்ப்பார்கள், எதைப் பிடுங்குவார்கள் என்பது அவருக்கு அடுத்த வீட்டு அடுப்படி மாதிரி. தெருக்காரர்களோ அவர் எல்லாம் தெரிந்தவர் என்று நினைத்து ஒன்றும் சொல்லவில்லை.

சோதனையில் இருந்த பெண் பையைத் திறந்து, துண்டைப் பிரித்து, கத்தரிக்கோலை வெளியே எடுத்தாள். அவரையும் கத்தரிக்கோலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது உள்ள போகாது சார்."

கைப்பையார் தான் யார், எத்தனை வருஷம் எங்கே வேலை பார்த்தவர் என்பதையெல்லாம் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒன்று இந்தத் தொட்டியில் போட்டுவிட்டுப் போங்கள், இல்லையென்றால் திரும்பிப் போய்க் கவுன்ட்டரில் லக்கேஜாகக் கொடுங்கள் என்றாள். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். நகவெட்டிகளும் ஒரு சுத்தியலும் கிடந்தன. சுத்தியல் கொண்டுவந்தவன் யாரோ, அவனுக்கும் யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

திரும்பி நடந்தார். கவுன்ட்டர் மூடப் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. கத்தரிக்கோலை மட்டும் துண்டோடு வாங்க மாட்டோம், பைக்குள் வைத்துக் கொடுங்கள் என்றாள் கவுன்ட்டரில் இருந்தவள். அவரிடம் இருந்ததோ ஒரே பை. பையில் இருந்த துணிமணி, மாத்திரை, செருப்பு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் கொட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, கத்தரிக்கோலை இரண்டு சட்டைகளுக்குள் சுருட்டிப் பையில் வைத்துக் கொடுத்தார். தராசில் இரண்டு கிலோகூட வரவில்லை. வேறு ஏதாவது இருக்கிறதா, இன்னும் நிறைய எடை மிச்சம் இருக்கிறதே என்று கேட்டாள் அவள். ஒன்றும் இல்லை என்றார். பை ரப்பர்த் திரையைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று. அந்தத் திரையை அவர் இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை.

கீழே அன்றைக்கு யார் ஷிப்டு என்பது அவருக்குத் தெரியும். ஒல்லி என்று ஒருவன், இவர் கையில் தொழில் கற்றவன், நாற்பத்தைந்து வயதாகிறது, இன்னமும் இவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். ஒரு போன் போட்டால் போதும். போனைக் கையில் எடுத்தார். பச்சைப் பெட்டி ஞாபகம் வந்தது. வேண்டாம், ஊர்ப் பையோடு பையாக உருண்டு வரட்டும் என்று போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டார். வாழ்க்கையில் ஒரு பாடத்தை ஒரு தடவையிலேயே கற்றுக்கொண்ட திருப்தியோடு போய் உட்கார்ந்தார். சாமான் ஏற்றுகிற கதவு வலப்பக்கம், அவர் சீட் இடப்பக்கம். ஜன்னலில் ஏணி மட்டும்தான் தெரிந்தது.

மத்தியானம் இறங்கி, பெட்டி வரும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கடைசி நேரத்தில் கொடுத்த பை கடைசியில் ஏறியிருக்கும், கடைசியில் ஏறியது முதலில் இறங்கும். பெல்ட் ஓடத் தொடங்கியதும் முன்னால் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றார். முதலில் வந்தது ஒரு குழந்தை வண்டி. அப்புறம் பெட்டிகள், பெட்டிகள். ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் பெல்ட்டில் ஒரு குடை மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. அதுவும் யாருடையதும் இல்லை. இப்படி எத்தனை ஆயிரம் பேர் நின்றிருப்பார்கள் என்று முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள்கூட நினைத்துப் பார்க்காததற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது. தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும்.

வராத பைகளுக்குப் புகார் வாங்குகிற மேசையில் இருந்தவர் ஒரு படிவம் கொடுத்தார். பையின் நிறம், அளவு, உள்ளே இருந்தது. கத்தரிக்கோல், ஒன்று, என்று எழுதினார்.

வெளியே மனைவியும் மகளும் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். மகளுக்குக் காதோரம் இரண்டு நரை விழுந்திருந்தது. அவர் பிளாஸ்டிக் கவரோடு வந்து நின்றார்.

"எங்க கத்தரிக்கோல்?" என்றார் மனைவி.

"பை வரல."

"பை வரலைன்னா? லக்கேஜ்லயா போட்டீங்க? நீங்களா?"

சோதனையில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். மகள் அவரைப் பார்க்கவில்லை. கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினாள். ஆறு வருஷம் கழித்து ஒரே ஒரு பொருளைக் கேட்டாள். அதையும் தொலைத்துவிட்டு, மறுபடியும் ஒரு கதையோடு வந்து நிற்கிறார் என்று அந்த முதுகு சொல்லிற்று.

அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. பழக்கதோஷத்தில் ஸ்பீக்கரை அமுக்கினார்.

"அண்ணே, நான் ஒல்லி பேசறேன். என்னை மன்னிச்சிருங்கண்ணே. சீட்டுல உங்க பேரைப் பாத்தேன். அண்ணன் பையாச்சே, எல்லாப் பையோடயும் தூக்கிப் போட மனசு வரல. தனியா எடுத்துச் சுவர் ஓரமா வச்சேன், கடைசியா என் கையாலயே ஏத்தலாம்னு. அதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க. பை இங்கதான்ணே இருக்கு. என் பக்கத்துலயே பத்திரமா இருக்கு."

மகள் நின்றாள். பிறகு மெல்லத் திரும்பி அவரிடம் வந்தாள். போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

"அன்னைக்கு நீங்க டீ குடிக்கப் போகலையாப்பா?"

"போகலம்மா. அன்னையிலேர்ந்து குடிக்கிறதே இல்ல."

போனில் ஒல்லி அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் அப்பாவின் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"சித்தப்பா, நான்தான். நாளைக்கு அந்தப் பையை ஏத்தும்போது தனியா எடுத்து வைக்காதீங்க. எல்லாப் பையோடயும் சேத்துத் தூக்கிப் போட்டுருங்க. அது வந்தப்புறம் கடை திறந்துக்கறேன்."

சொல்லிவிட்டுப் போனை அவர் சட்டைப் பையில் வைத்தாள். பிளாஸ்டிக் கவரைத் தான் வாங்கிக்கொண்டு, டீ எங்கே கிடைக்கும் என்று வாசலில் நின்ற காவலாளியிடம் விசாரித்தாள்.