அடுப்பு மேடையில் வெந்த வீடு

கட்டட வரைபடம் போடும் அந்தப் பெண்ணின் வீட்டில் இருப்பது ஓர் அறையும் ஒரு சமையலறையும். அறையின் ஒரு சுவரோரம் கணவரின் கட்டில், மறு சுவரோரம் அவள் மேசை. பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர் பக்கவாதத்தில் விழுந்த பிறகு, கட்டிலை விட்டு அவராலும் வீட்டை விட்டு அவளாலும் நகர முடியவில்லை. படுத்திருப்பவரைத் திருப்பிப் போடப் பாசம் மட்டும் போதாது. இடுப்பை எங்கே பிடிப்பது என்று தெரிய வேண்டும். அவள் கற்றுக்கொண்டாள்.

வேலை கொடுக்கும் நிறுவனத்து மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். "வெறும் வரைபடம் போதாதும்மா. வீட்டுக்குள்ள நடந்து போற மாதிரி வீடியோ பண்ணிக் குடுத்தா அங்கேயே இருந்து செய்யுங்க. இல்லேன்னா ஆபீசுக்கு வந்துடணும்."

ஆபீசுக்குப் போனால் கட்டிலை யார் பார்ப்பது? அவளுடைய பழைய கணினி அப்படி ஒரு வீடியோவை முடிப்பதற்குள் நிஜக் கட்டடமே எழும்பிவிடும். ப்ராசஸர் என்ற மூளை இரண்டு உள்ள கணினி வேண்டும். புதிதாக வாங்க வழியில்லை. பெரிய அலுவலகங்கள் கழித்துப்போட்ட சாமான்களை விற்கும் கடையில் ஒவ்வொன்றாக வாங்கினாள். முதலில் மதர்போர்டு. அது பெட்டிக்குள் அடங்கவில்லை என்று பெட்டியின் பக்கத் தகரத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். பிறகு ஒரு ப்ராசஸர். அடுத்த மாதத்தை மருந்து விழுங்கிவிட்டது. அதற்கப்புறம் மெமரி. எதை வாங்கினாலும் அது தனக்கு ஒரு துணை கேட்டது.

கடைசியாக இரண்டாவது ப்ராசஸரை வாங்கிப் பொருத்தினாள். திரை கண்ணைத் திறக்கவில்லை. கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

"ரெண்டும் ஒரே மாடல், ஒரே வயித்துப் பிள்ளைங்கதான்க்கா," என்றார் கடைக்காரர். "இது கொஞ்சம் பின்னால பொறந்தது. அவ்வளவுதான்."

"ஒரே வயித்துப் பிள்ளைங்கன்னா பேசிக்கணுமில்ல? மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குதே!"

"எந்த வீட்டுலக்கா பேசிக்குது?"

சிரித்துக்கொண்டே சொன்னாலும் மாற்றிக் கொடுக்க அவர் அலையவிட்டார். நாளைக்கு வாங்க, சரக்கு வரட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம். பக்கத்து வீட்டம்மாவைக் கட்டிலுக்குக் காவல் வைத்துவிட்டு அவள் நடந்த நடையில் செருப்பு அறுந்ததுதான் மிச்சம். ஒருவழியாக முதலாவதுடன் அச்சு அசலாகப் பொருந்தும் ஒன்று கிடைத்தது. கணினி இரண்டையும் ஏற்றுக்கொண்டது.

"அதுக்கு ரெண்டு மூளை. எனக்குப் பாதி," என்றார் கணவர், கோணிய வாயால் இழுத்து இழுத்து. "உனக்கு?"

"எனக்கு ஒண்ணு இருந்திருந்தா இதுல இறங்கியிருப்பேனா?"

வெள்ளிக்கிழமைக்குள் மாதிரி வீடியோ போக வேண்டும். வியாழன் காலை ஓடவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கணினி தானாக அணைந்தது. மறுபடி போட்டாள். மறுபடி அணைந்தது. தொட்டுப் பார்த்ததும் புரிந்தது. அந்தப் போர்டில் இரண்டு ப்ராசஸரும் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. முன்னது விடும் சூட்டு மூச்சைத்தான் பின்னது குடிக்கிறது. ப்ராசஸர் மேலிருக்கும் குட்டி ஃபேனைத் திருப்பி மாட்டலாம் என்றால் திருகு ஓட்டைகள் இடம் தரவில்லை. ஸ்க்ரூடிரைவரைத் தரையில் வீசினாள்.

அறையில் இருந்த ஒரே டேபிள் ஃபேனைக் கணினிப் பக்கம் திருப்பினாள். அணையாமல் ஓடியது. ஆனால் அறை கொதித்தது. அவரைப் புரட்டும்போது முதுகு தொப்பலாக நனைந்திருந்தது, இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினாள். சிவப்பு மறையவில்லை. படுக்கைப் புண்ணுக்கு அதுதான் முதல் படி. இவருக்காகத்தானே இந்தச் சனியனைக் கட்டினோம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஃபேனை அவர் பக்கம் திருப்பினாள். கணினி அணைந்தது.

"அதுக்கே வை," என்றார் அவர். "எனக்குப் பரவாயில்ல."

"புண்ணு வந்தா யாரு கழுவுறது? பேசாம இருங்க."

அவள் சமையலறைக்குள் போனாள். கேஸை மூடி, குழாயைக் கழற்றி, அடுப்பை இறக்கித் தரையில் வைத்தாள். பெட்டியைத் தூக்கி வந்து அடுப்பு மேடையில் நிறுத்தினாள், புகையை வெளியே தள்ளும் ஃபேனுக்கு நேர் கீழே. திரை அரிசி டப்பாவின் மேல் ஏறியது. ஓடவிட்டாள். எண்ணெய்ப் பிசுக்கேறிய அந்த ஃபேன் கடகடவென்று சுற்றிச் சூட்டையெல்லாம் வெளியே தள்ளியது. கணினி அணையவில்லை. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்து, டேபிள் ஃபேனைப் பக்கத்தில் வைத்தாள்.

"அங்க என்ன வேகுது?"

"மூணு மாடி வீடு."

"உப்பு பாத்துப் போடு."

அன்று இரண்டு வேளையும் ரொட்டியும் வாழைப்பழமும்தான். வெள்ளி காலையில் வீடியோ முடிந்தது. அனுப்பினாள். மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார்.

"நல்லா வந்திருக்கும்மா. அந்த வீட்டு ஓனர் கதவு நிறம் மட்டும் மாத்தணுங்கிறார். திங்கக்கிழமை குடுத்துடுங்க. அடுத்த வீட்டோட பிளானும் அனுப்பிடுறேன்."

கதவு எல்லா அறையிலும் தெரியும். அப்படியென்றால் மொத்தத்தையும் முதலிலிருந்து ஓடவிட வேண்டும். போனை வைத்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினாள். அடுத்த பிளானும் வருகிறது என்று அவர் சொன்னது, திட்டி முடித்த பிறகுதான் மண்டையில் ஏறியது. ஆபீசுக்கு வரச் சொல்லவில்லை.

தரையிலிருந்து மேடைக்கு ஏறப் போன அடுப்பை அங்கேயே விட்டாள்.

"இன்னிக்கும் ரொட்டியா?" என்றது கட்டில்.

"ஆமா. இனிமே அடிக்கடி."